துரியோதனன் திரும்பி வருவானா?

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் காலை யூனிட் ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒருவர் துரியோதனன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர்ப் பக்கம் இது ஒன்றும் பெரிய கற்பனை இல்லை. பகலில் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுவார். பங்குனி, சித்திரை வந்தால் தெருக்கூத்துக்குப் புஜக்கட்டை கட்டி, கிரீடம் வைத்து, அரிதாரம் பூசி, திரௌபதியம்மன் கோயில் வாசலில் விடிய விடிய அஸ்தினாபுரத்தை ஆளுவார். பதினெட்டாம் நாள் படுகளத்தில் பீமனிடம் தொடையில் அடி வாங்கிச் சாவார். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்து நிற்பார். கம்பெனிக்குத் துரியோதனனாவது, தர்மராஜாவாவது. அரை மணி லேட் என்றால் அரை நாள் சம்பளம் கட்.

இவருக்கும் இவர் குழுவுக்கும் அமெரிக்காவிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கம் கடிதம் போடுகிறது. ஜூலை முதல் வாரம் விழா. நம் வேர்களை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். அங்கே இருக்கிற பிள்ளைக்கு வேர் வேண்டும். இங்கே இருக்கிற வேருக்கு விசா வேண்டும்.

விசா இருக்கிறது. 1990-ல் அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தியபோதே இதற்கென்று பி (P) வகை என ஒன்றை உண்டாக்கிவிட்டது. பி-1, உலக அளவில் பெயரெடுத்த விளையாட்டு வீரர்களுக்கும் கேளிக்கைக் குழுக்களுக்கும். பி-2, நீ ஆள் அனுப்பு, நான் ஆள் அனுப்புகிறேன் என்கிற பரிமாற்றம். பி-3, தங்கள் பண்பாட்டுக்கே உரிய தனிக்கலையை நிகழ்த்துகிறவர்களுக்கு. தனி வீரர் என்றால் ஐந்து வருஷம் வரை கொடுப்பார்கள். கூத்தாடிக்கு அதிகபட்சம் ஒரு வருஷம். நம் துரியோதனன் கேட்பது மூன்று வாரம்.

முதலில் தன் கலை தனிக்கலைதான் என்று அவர் நிரூபிக்க வேண்டும். நிபுணர்களின் கடிதம் வேண்டும். அறுபது வருஷமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரும் கிழவி நிபுணர் ஆகமாட்டாள். அந்தக் கிழவியைப் பேட்டி கண்டு ஆய்வேடு எழுதினாரே, அவர் நிபுணர். பத்திரிகை விமர்சனம் இருந்தால் நல்லது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூத்துக் களத்தில் குந்தி, முகவீணை எப்படி ஒலித்தது என்று எழுதிய நிருபர் யார்? தீமிதியன்று வந்து ஒரு படம் எடுப்பார். கீழே, ‘பக்தர்கள் பரவசம்’.

அப்புறம் தொழிற்சங்கம். அமெரிக்கத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது விதி. உள்ளூர்க் கலைஞர் பிழைப்பு கெடக் கூடாது என்ற நல்லெண்ணம். நியூ ஜெர்சியில் எத்தனை துரியோதனர்கள் வேலையின்றி நிற்கிறார்களோ, பாவம்.

பணத்துக்கு வருவோம். அங்கே அழைக்கிற அமைப்பு போட வேண்டிய மனுவுக்கு முன்பு 460 டாலர். 2024 ஏப்ரல் 1 முதல் 1,015. லாப நோக்கமில்லாத அமைப்பு என்றால் 510. அவசரமென்றால் அந்த வருஷ விலைக்கு இன்னொரு 2,805 டாலர். அதே திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள். ஒரு மனுவில் 25 பேருக்கு மேல் கூடாது. கௌரவர் நூறு பேரையும் கூட்டிப்போவதென்றால் நாலு மனு. வியாசர் இதை யோசித்து எழுதியிருக்க வேண்டும்.

மனு அங்கே பாஸாகிவிட்டது என்று ஆடாதீர்கள். அது அழைத்தவருக்குக் கிடைத்த அனுமதி. ஆடப் போகிறவர் இங்கே தூதரகத்தில் தலைக்கு 205 டாலர் கட்ட வேண்டும். இன்றைய கணக்கில் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல். விசா இல்லையென்றாலும் அந்தக் காசு திரும்பாது. பூசாரி கூட வாக்கு பலிக்காவிட்டால் தேங்காய் மூடியையாவது கையில் கொடுத்து அனுப்புவார்.

இனி வருவது என் கற்பனை. அதில் வரும் சட்டம் மட்டும் நிஜம்.

ஜெமினி மேம்பாலத்தின் அடியில் தூதரக வரிசை. கடன் வாங்கிய சட்டை. கக்கத்தில் ஃபைல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மா. மொழிபெயர்க்க ஒருவர்.

“என்ன வேலை செய்கிறீர்கள்?”

“துரியோதனன், அம்மா.”

“அது வேலையா?”

“பகல்ல லேத்து.”

“சொந்த வீடு உண்டா?”

“உண்டு அம்மா. நத்தம் புறம்போக்கு. மூணு தலைமுறையா இருக்கோம். பட்டாதான் வரலை.”

“வங்கியில் என்ன இருக்கிறது?”

“நகைக் கடன் இருக்குதுங்க.”

“நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நான் எப்படி நம்புவது?”

“சித்திரையில படுகளம் இருக்குதுங்களே. நான் வரலைன்னா பீமன் யாரை அடிப்பான்?”

இதைவிட நேர்மையான பதிலை அந்த ஜன்னல் கேட்டிருக்காது. ஊர் முழுக்கக் காத்திருக்கிறது. மண்ணில் பெரிய உருவமாகத் துரியோதனனைப் படுக்கவைத்துச் செய்தாயிற்று. திரௌபதி கூந்தலை முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். இதற்குமேல் ஒரு மனிதனை எது கட்டி இழுக்கும்? ஆனால் படிவத்தில் படுகளத்துக்குக் கட்டம் கிடையாது. சொத்துக்கு உண்டு. சம்பளத்துக்கு உண்டு. ஒரு தாளை நீட்டுகிறார்கள். பிரிவு 214(பி). அதன் சாரம்: நீ குடியேறத்தான் வருகிறாய் என்று நாங்கள் முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டோம், இல்லை என்று நீதான் மெய்ப்பிக்க வேண்டும்.

இந்த 214(பி)-யில் ஒரு நகைச்சுவை இருக்கிறது. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன்கூட இப்படி யோசிக்கமாட்டான். எச்-1பி விசாவில் போகிற மென்பொருள்காரருக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு. எல் விசாவில் கம்பெனி அனுப்புகிற மேலாளருக்கும் விலக்கு. அவர்கள் அங்கேயே தங்கிவிடும் ஆசையை மறைக்க வேண்டியதில்லை. பி விசாக்காரருக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே, திரும்பி வராத உத்தேசத்தோடு போகிறவரிடம் அந்தக் கேள்வி இல்லை. மூன்று வாரத்தில் திரும்பியே தீர வேண்டியவரிடம் கேள்வியே அதுதான்.

சரி, நம் அரசாங்கம் கலைஞனைக் கைவிட்டுவிடுமா? விடாது. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இருக்கிறது. அதைக் காட்டினால் திருவள்ளூரில் மதிப்பு உண்டு, ஜெமினியில் இல்லை. 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குத் தெருக்கூத்துக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பறைக்காக வேலு ஆசானுக்கும் அதே வருஷம் கொடுத்தார்கள். இரண்டும் சந்தோஷம். ஆனால் டெல்லி கலையைக் கௌரவிப்பது கலைஞன் கிழவனான பிறகு. தூதரகம் அவனைச் சந்தேகிப்பது இளைஞனாக இருக்கும்போது. நடுவில் இருக்கிற நாற்பது வருஷம் அவன் பாடு.

சினிமாக்காரர்களுக்கு இந்த இழவெல்லாம் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். 2018 ஜனவரியில் நடிகர் சங்கக் கட்டட நிதிக்காகக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நட்சத்திர விழா நடந்தது. கோடம்பாக்கத்தில் பாதி விமானம் ஏறியது. எல்லாருக்கும் அனுமதி கிடைத்தது. எல்லாரும் போய் ஆடிவிட்டுத் திரும்பியும் வந்தார்கள். கட்டடம்தான் வருஷக்கணக்கில் வந்து சேரவில்லை.

சந்தேகமே தப்பு என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்படக் காரணம் கொடுத்தவர்கள் உண்டு. 2004 செப்டம்பரில் ஜெர்மனியின் பவேரியாவில் விட்டிஸ்லிங்கன் என்ற ஊருக்கு இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி போனது. 23 பேர். முறையான அழைப்பு, முறையான விசா. ஆட்டத்தில் படுதோல்வி. பிறகு ஒரு நாள் அணியையே காணோம். விசாரித்தால், இலங்கைக்கு அப்படியொரு தேசிய ஹேண்ட்பால் அணியே கிடையாது. உபெர்த்தோ பசோலினி இதை வைத்து 2008-ல் ‘மச்சான்’ என்று படம் எடுத்தார். வட இந்தியாவில் இதற்கு ‘கபூதர்பாஜி’ என்று பெயரே இருக்கிறது. புறா விடுகிற தொழில். பாட்டுக் குழுவில் பாடத் தெரியாத புறாக்களைச் சேர்த்துக் கூட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டு வந்த வழக்கில் பாடகர் தலேர் மெஹந்திக்கு 2018 மார்ச்சில் பாட்டியாலா நீதிமன்றம் இரண்டு ஆண்டு தண்டனை கொடுத்தது. பிறகு உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

ஆக, பந்தைப் பிடிக்கத் தெரியாத 23 பேருக்கு முத்திரை விழுந்தது. ஆடத் தெரிந்தவர்களுக்கு என்ன ஆனது?

2022 அக்டோபர். ஸ்பெயினின் பொன்டெவெத்ராவில் 23 வயதுக்குட்பட்டோர் உலக மல்யுத்தம். இந்திய அணியில் 30 பேர். 21 பேருக்கு விசா இல்லை. காரணத்தை எழுத்திலேயே கொடுத்தார்கள். விசா முடியுமுன் இவர்கள் நாட்டைவிட்டுப் போவார்கள் என்பதில் சந்தேகமாம். மிச்சம் ஒன்பது பேர் போனார்கள். அதில் அமன் செராவத் தங்கத்தோடு திரும்பி வந்தார். இரண்டே வருஷத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். ஓடிப்போகிற ஆள் இப்படியா கழுத்தில் கனத்தை மாட்டிக்கொண்டு ஓடுவான்?

2024 மார்ச். டொரன்டோவில் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டி. ஆட்டம் தொடங்க ஒரு மாதம்தான். வீரர்களுக்குக் கனடா விசா வந்தபாடில்லை. உலக செஸ் கூட்டமைப்பே பகிரங்கமாக அறிக்கை விட்டுக் கனடாவிடம் மன்றாடியது. அந்தப் போட்டிக்குப் போக வேண்டியவர்களில் மூன்று பேர் நம் சென்னைப் பிள்ளைகள். அதில் அக்காவும் தம்பியும் பாடிக்காரர்கள். நம்ம யூனிட் கொரட்டூரில் நிற்கும்போது எட்டிப் பார்க்கிற தூரம். கடைசியில் விசா வந்தது. மூன்றாமவரான குகேஷ் போனார், ஜெயித்தார், வந்தார். அதே வருஷம் டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். கனடாவில் தங்கிக் கோப்பை கழுவப் போயிருக்கலாம். அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

இவ்வளவு நேரம் வெள்ளைக்காரர்களைத் திட்டியாயிற்று. உங்களுக்கும் குளிர்ச்சியாக இருந்திருக்கும். இப்போது கதவை உள்பக்கமாகத் திறப்போம்.

2012. முள்ளிவாய்க்கால் நடந்து மூன்று வருஷம். அந்தக் கோபம் நியாயமானது. இன்றைக்கும் நியாயம்தான். அந்த நியாயத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தோம் என்பதுதான் விஷயம். அந்த ஜூலையில் இலங்கை விமானப்படைக்காரர்கள் தாம்பரத்தில் பயிற்சி எடுப்பது வெளியே தெரிந்தது. தமிழ்நாடு கொதித்தது. டெல்லி என்ன செய்தது? எலஹங்காவுக்கு மாற்றியது. பெங்களூருக்குப் போனால் குண்டு போடும் பயிற்சி கூத்துப் பயிற்சி ஆகிவிடும் போலிருக்கிறது. சீருடை போட்டவனை நாட்டை விட்டு அனுப்ப முடியவில்லை.

செப்டம்பர் பிறந்தது. கொழும்பிலிருந்து ஒரு கால்பந்து அணி வந்து சென்னை நேரு விளையாட்டரங்கில் நட்பு ஆட்டம் ஆடியிருந்தது. இரத்தினபுரியிலிருந்து பள்ளிப் பையன்கள் வேறொரு போட்டிக்கு வந்திருந்தார்கள். முதல்வர் ஜெயலலிதா அறிக்கை விட்டார். இரண்டு அணியையும் திருப்பி அனுப்ப உத்தரவு. அரங்கத்தைக் கொடுத்த அதிகாரி சஸ்பெண்ட். எல்லாரிடமும் இந்திய அரசு முத்திரை குத்திய விசா இருந்தது. பையில் பூட்ஸ் இருந்தது. அவர்கள் ஊரில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதற்கான பதில் மட்டும் அந்தப் பையில் இல்லை.

நீதியை ராஜபக்சேவிடம் கேட்டோம், பதில் வரவில்லை. கோல்கீப்பரிடம் கேட்டோம். உடனே பெட்டியைக் கட்டினான். வெற்றி! பேப்பரில் தலைப்பு, கட்சி அலுவலகத்தில் லட்டு.

ருசி கண்டுவிட்டால் நிற்குமா? 2013 ஜூலையில் சென்னையில் நடக்க இருந்தது ஆசிய தடகளப் போட்டி. இலங்கையும் வரும் என்பதால் எங்களுக்கு வேண்டாம் என்று தமிழக அரசு கைகழுவியது. புனேக்குப் போய்விட்டது. இலங்கை அங்கே நிம்மதியாக ஓடியது. உள்ளூர் ரசிகனுக்குத்தான் ஆசியாவே வராமல் போனது. அதே வருஷம் மார்ச்சில் ஐபிஎல் விவகாரம். சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் இறங்கக் கூடாது என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத, ஐபிஎல் நிர்வாகம் தலையாட்டியது. நாடு முழுக்க ஆடலாம். சேப்பாக்கத்தில் மட்டும் ஆகாது. தீட்டு, மைதானத்துக்கு மைதானம் வேறு போலும்.

அப்புறம் என்ன ஆயிற்று? என்ன ஆக வேண்டும்? மறந்தோம். 2022 ஏலத்தில் சென்னை அணி இலங்கையின் மஹீஷ் தீக்‌ஷணவை எடுத்தபோது இரண்டு நாள் சமூக வலைத்தளத்தில் கொதித்தோம். 2023-ல் கண்டிக்காரப் பையன் மதீஷ பதிரன கடைசி ஓவர்களில் யார்க்கர் இறக்க, சேப்பாக்கம் மஞ்சளாக எழுந்து நின்று அவர் பெயரைக் கத்தியது. 2025 சீசனுக்கு அவரை அணி தக்கவைத்த விலை 13 கோடி ரூபாய். எனக்குப் பதிரனமேல் ஒரு வருத்தமும் இல்லை. அருமையான பந்துவீச்சாளர். என் கேள்வி சின்னது. இரத்தினபுரிப் பையன் இனத்தின் எதிரி, கண்டிப் பையன் நம்ம வீட்டுப் பிள்ளை. நடுவில் எது மாறியது? இலங்கை மன்னிப்புக் கேட்டதா? காணாமல் போனவர்கள் கிடைத்துவிட்டார்களா? ஒன்றுமில்லை. அவன் ஓசியில் ஆட வந்தான். இவருக்கு 13 கோடி. பள்ளிப் பையனை விரட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. பதிரனவை விரட்டியிருந்தால் டிக்கெட் விற்றிருக்காது.

கொள்கை என்பது அப்படித்தான். விலையில்லாத இடத்தில் உறுதியாக நிற்கும்.

செவ்வாப்பேட்டையில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி யூனிட்டுக்கு மாறினால் இந்தக் கதையின் மிச்சம் கிடைக்கும். சிப்காட்டுக்குப் பேர்போன ஊர். ஈழத்திலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமும் முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறது. எந்த ஜனத்துக்காகக் கால்பந்துப் பையன்களை விரட்டினோமோ, அந்த ஜனம். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் அது ‘அகதிகள் முகாம்’ இல்லை, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. பலகையைப் பெயிண்ட் அடித்தார்கள். சில இடங்களில் புது வீடும் கட்டினார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சட்டத்துக்கு மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை.

அந்த முகாமில் 2008-ல் பிறந்த ஒரு பெண் பிள்ளை 800 மீட்டர் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரியோதனனைப் போல இவளும் கற்பனை. அவளைக் கட்டிப்போட்டிருக்கும் தேதிகள் கற்பனை இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகள். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு என்றால் இன்னும் இறுக்கம். ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இவள் பெற்றோர் இருவருமே படகில் வந்தவர்கள். படகில் விசா ஒட்டுவதில்லை. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி மூன்று அண்டை நாட்டு முஸ்லிம் அல்லாத அகதிகளுக்கு வழிவிட்டார்கள். அந்த மூன்றில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் டெல்லி ஒரு கருணை காட்டியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்க மாட்டோம் என்றது. தண்டிக்க மாட்டார்கள். கடவுச்சீட்டும் தரமாட்டார்கள்.

ஆகவே அவள் பள்ளி அளவில் ஓடலாம். மாவட்ட அளவில் ஓடலாம். பரிசளிப்பு விழாவில் எம்எல்ஏ சால்வை போர்த்துவார், கூடவே நாலு வரி ஈழப் பாசம் பேசுவார். அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் மார்பில் ஒரு நாட்டின் பெயர் வேண்டும். இந்தியா என்று எழுதிக்கொள்ள உரிமையில்லை. இலங்கையை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். துரியோதனனுக்காவது ஒரு ஜன்னல் இருந்தது, திரும்பி வருவாயா என்று கேட்க ஓர் அதிகாரி இருந்தார், மறுப்பதற்கென்று அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. இவள் எந்த வரிசையிலும் நிற்க முடியாது. எங்கேயும் போக முடியாதவளிடம் திரும்பி வருவாயா என்று யார் கேட்பார்கள்?

முகாமில் அவ்வப்போது தணிக்கை உண்டு. அதிகாரிகள் பதிவேட்டோடு வருவார்கள். குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா என்று பார்த்து ஒரு டிக் அடிப்பார்கள்.

இருக்கிறாள்.